கியர் பிடிக்காத நாலு விநாடி

1

நான் மதுரையை விட்டுப் புறப்பட்ட நாள் ஒவ்வோர் ஆண்டும் வரும்போது, கடந்த ஆண்டில் நடந்ததை நாலு பக்கம் எழுதி ஊரிலிருக்கும் நண்பர்களுக்கு அனுப்புவது என் வழக்கம். இது இருபத்திரண்டாவது. வெளிநாட்டுக்குப் போனவர்கள் எழுதும் குறிப்புகளை நானும் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் பனி பெய்யும், ரயில் சரியான நேரத்துக்கு வரும், அம்மா வைத்த குழம்பு நினைவுக்கு வரும். எழுதுகிறவர் ஒரு தப்புச் செய்தார் என்று மட்டும் எங்கும் வராது. என்னுடைய இருபத்தொரு குறிப்புகளிலும் வரவில்லை.

இந்த முறை ஒரு காரின் கியர் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன்.

கார் என் தங்கை ஆக்னஸ் ஓட்டுவது. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அவளுக்கு இடது கால் சூம்பிவிட்டது. கே.கே. நகரில் அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறாள். ஒத்தக்கடை தாண்டி ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். ஓய்வு பெற இன்னும் நாலு ஆண்டு. இருபது ஆண்டுக்கு மேல் பஸ்ஸில்தான் போனாள். படியேற யாராவது கைகொடுக்க வேண்டும்; கைகொடுத்தவர் அடுத்த நாளும் வருவார் என்பது உறுதியில்லை. ஆறு ஆண்டுக்கு முன் ஒரு விடுமுறையில் வந்தபோது ஆட்டோமேட்டிக் கார் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். கிளட்ச் கிடையாது, வலது கால் போதும். ஒரு மாதத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கார் வந்த பிறகு பள்ளியில் தன்னை யாரும் "பாவம்" என்று சொல்வதில்லை என்று ஒருமுறை போனில் சொன்னாள்.

வண்டியை என் பேரில் எடுத்தேன். அவள் பேரில் எடுத்திருந்தால் வரிச் சலுகை இருந்தது. அதற்குச் சான்றிதழ்களுக்காக அலைய வேண்டும். எனக்கு விடுமுறை முடிய நாலு நாள்தான் இருந்தது. "யார் பேர்ல இருந்தா என்ன, ஓட்டப்போறது நீதானே" என்றேன். நானே வண்டி வாங்குபவன் என்பதால் ஷோரூமில் என் ஜெர்மனி நம்பரைக் கொடுத்தேன்.

2

ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு சிற்றூரில் இருக்கிறேன். ஒரு கிடங்கின் கணினிக் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலை. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் என் ஜெர்மன், கடை வாசலைத் தாண்டியதும் திக்கும். என் காரை இங்கே பழுதுபார்க்க விட்டால், மேசைக்குப் பின்னால் நிற்கும் ஆள் வேகமாக ஏதோ கேட்பார். திரும்பக் கேட்க வெட்கப்பட்டு எல்லாவற்றுக்கும் "ஆம்" என்பேன். சென்ற குளிர்காலத்தில் அப்படி ஒரு "ஆம்" சொல்லி, புதிதாகவே இருந்த வைப்பர்களைக் கழற்றிவிட்டு வேறு வைப்பர்களை மாட்டிக்கொண்டு வந்தேன். என் மகள் நவோமிக்குப் பதினேழு வயது. அதைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. "அடுத்த தடவை நான் வரேன்" என்றாள், அதையும் ஜெர்மனில்.

இப்படிப்பட்டவனுக்கு மதுரையிலிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் வரும்.

"வணக்கம் சார். பிரதீப் பேசுறேன் சார், சர்வீஸ் அட்வைசர். உங்க வண்டி உள்ள வந்திருக்கு சார். வாட்டர் வாஷ் பண்ணி, பாலிஷ் போட்டு வீடியோ அனுப்பியிருக்கேன், பாருங்க சார்."

ஒரு நிமிட வீடியோவில் கார் மின்னும். ஆக்னஸ் அந்த நேரம் அங்கேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவளிடம், "சார்ட்ட பேசிட்டேன் மேடம்" என்று சொல்லிவிட்டு பிரதீப் என்னிடம் பேசுவான். எண்ணெய் மாற்றலாமா, டயர்களை இடம் மாற்றிப் போடலாமா என்று கேட்பான். தமிழில் கேட்பான். எனக்கு எல்லாம் புரியும். "மாத்துங்க", "வேண்டாம்", "அது போதும்" என்று மூன்று விதமாகப் பதில் சொல்வேன். அந்தச் சுகத்தை இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது, அப்போது இல்லை.

கடைசியில் ஒரு வேண்டுகோள் வரும். "சார், நாளைக்கு கம்பெனியிலருந்து ஃபீட்பேக் கால் வரும். பத்துக்குப் பத்து குடுத்துருங்க சார். ஒம்போது குடுத்தாக்கூட எங்க இன்சென்டிவ் போயிரும்." கால் வரும். ஒரு பெண்குரல், "வேறு ஏதேனும் குறை உள்ளதா சார்?" என்று கேட்கும். இல்லை என்பேன். பத்து கொடுப்பேன். கல்யாண வயதில் தங்கச்சி இருப்பதாக பிரதீப் ஒருமுறை சொல்லியிருந்தான். ஐந்து முறை பத்து கொடுத்தேன்.

3

ஒன்றரை ஆண்டில் அந்த ஐந்து முறையும் ஆக்னஸ் வண்டியைக் கொண்டுபோனது ஒரே குறையைச் சொல்லத்தான்.

காலையில் வண்டியை எடுப்பாள். பிரேக்கை மிதித்து ரிவர்ஸில் போடுவாள். வண்டி அசையாது. இஞ்சின் உறுமிக்கொண்டு நிற்கும். லேசாக ஆக்சிலரேட்டரைத் தொடுவாள். திடீரென்று யாரோ பின்னாலிருந்து இழுத்ததுபோல் 'டக்'கென்று கியர் பிடித்து வண்டி பின்னால் பாயும்.

முதலில் இது ஒரு விநாடி. பிறகு இரண்டு. சென்ற ஈஸ்டர் முடிந்த வாரத்தில் வண்டி பாய்ந்து, எதிர்வீட்டுக்காரர் அப்போதுதான் நிறுத்திவிட்டு இறங்கிய ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டது. அவர் ஓர் அடி தள்ளி நின்றதால் பிழைத்தார். தெரு கூடியது. "கால் சரியில்லாதவங்க கையில கார எதுக்குய்யா குடுக்குறாங்க?" என்று ஒருவர் சொன்னது, கூட்டத்தின் நடுவில் நின்ற அவள் காதில் நன்றாகவே விழுந்திருக்கிறது.

வண்டியை அன்றே சர்வீஸில் விட்டுவிட்டு வந்தாள். மறுநாள் மாலை பிரதீப் என்னிடம் பேசினான். "செக் பண்ணிட்டோம் சார், வண்டியில ஒன்னும் இல்ல. மேடத்துக்குக் கால்ல கொஞ்சம் பிரச்சினை இருக்குல்ல சார்... பிரேக்குன்னு நெனச்சு மாத்தி மிதிச்சிருப்பாங்க. நீங்க பக்குவமா எடுத்துச் சொல்லுங்க."

பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் வாரம் ஒருமுறை பேசும் நாள்.

"நீ மாத்தி மிதிச்சிருப்ப ஆக்னஸ்."

"நான் ஓட்டுறது வலது காலுண்ணே. அதுக்கு ஒன்னும் வரல."

"பதட்டத்துல நடக்கும். செக் பண்ணியிருக்காங்க, ஒன்னும் இல்லைன்னு சொல்றாங்க."

"சரிண்ணே" என்று போனை வைத்தாள். மறுநாளிலிருந்து ஆட்டோவில் பள்ளிக்குப் போனாள். கார் ஏழு வாரம் உறை போட்டபடி நின்றது.

நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன். இதை எழுத உட்கார்ந்தபோது அந்த ஒன்றரை ஆண்டின் பக்கங்களைப் புரட்டினேன். பிரதீப் சொன்னவை எல்லாம் விவரமாக இருந்தன: எந்த எண்ணெய், எத்தனை லிட்டர், எந்த டயர். ஆக்னஸ் சொன்னது ஐந்து இடத்தில் ஒரே மாதிரி இருந்தது: 'ஆக்னஸ், வண்டி பற்றிப் புலம்பல்.'

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் நான் பிரதீப்பிடம் பேசி முடித்ததும் நவோமி கேட்டாள்.

"அந்தக் காரை ஓட்டுறது யாரு?"

"அத்தை."

"அப்புறம் ஏன் அந்த ஆள் உங்ககிட்ட பேசுறாரு?"

ஓனர், ரிஜிஸ்ட்ரேஷன், இந்தியாவில் நடைமுறை என்றெல்லாம் அவளுக்குப் புரியும் ஜெர்மனில் சொல்லத் தொடங்கி, பாதியில் வார்த்தை கிடைக்காமல் நின்றேன். தமிழிலும் எனக்குப் பதில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் அதற்குள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

4

இந்த ஆண்டு விடுமுறை இருபத்துநாலு நாள். எதற்கு வந்தேன் என்று கேட்ட உறவினர்களிடம் வேறு காரணங்கள் சொன்னேன்.

இரண்டாம் நாள் காலை ஆறரை மணிக்கு நானே வண்டியில் உட்கார்ந்தேன். ரிவர்ஸ். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. 'டக்'. தோளில் அடித்ததுபோல் இருந்தது. பிரேக்கில் கால் இருந்ததால் வண்டி நின்றது.

தொடர்ந்து ஐந்து நாள் கைக்கடிகாரத்தை வைத்துக் குறித்தேன். இரவு முழுக்க நின்ற வண்டியில் நாலு விநாடி. அரை மணி நேரம் நின்றிருந்தால் ஒன்று. ஓடிச் சூடான வண்டியில் சுத்தமாக இல்லை. கியர் பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தம் ஏறினால்தான் கியர் பிடிக்கும். இரவில் எண்ணெய் கீழே இறங்கிவிடுகிறது. உள்ளே ஏதோ ஒரு வால்வோ சீலோ அதைத் தேக்கிவைக்கவில்லை. இதைக் கண்டுபிடித்த பெருமையோடு ஆக்னஸிடம் போய்ச் சொன்னேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"இதத்தான நான் ஒன்றரை வருசமாச் சொல்லிக்கிட்டிருக்கேன். காலையில மட்டுந்தான்னு. நீ கடிகாரம் வச்சுப் பாத்திருக்க, அம்புட்டுத்தான்."

ஏழாம் நாள் இருவரும் ரிங் ரோட்டிலிருக்கும் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். பிரதீப்பை முதன்முதலாக நேரில் பார்த்தேன். மெலிந்த பையன், சட்டையில் பேனா மை. "சார்! நேர்ல பாத்ததுல ரொம்ப சந்தோசம் சார்" என்று என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஆக்னஸுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். ஓட்டிப் பார்த்தார்கள். அரை மணி நேரம் வெயிலில் ஓடி வந்த வண்டி. ஒரு குறையும் காட்டவில்லை.

"சூடா இருக்கு. நைட்டு இங்கேயே நிறுத்திட்டு காலையில பாருங்க" என்றேன்.

"அதுவும் போன தடவை பாத்தாச்சு சார். மேடம் விட்டுட்டுப் போனாங்க. ஒன்னும் இல்ல."

ஏன் ஒன்றும் இல்லை என்பதை வாசலில் வாட்ச்மேன் ஐயாதான் போகிறபோக்கில் சொன்னார். "ஏழு மணிக்கே டிரைவர் பசங்க எல்லா வண்டியையும் எடுத்து ரோட்டோரம் போட்டுருவாங்கெ. உள்ள கூட்டித் தண்ணி தெளிச்சு, சாமி கும்பிட்டு, திருப்பி உள்ள கொண்டாருவாங்கெ. பெரியவுக எல்லாம் ஒம்போதரைக்கு மேலதான வாராக."

ஒன்றரை ஆண்டாக, குளிர்ந்த வண்டியை அங்கே யாரும் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டியவர்கள் வரும்போது அது ஏற்கெனவே இரண்டு முறை ஓடியிருக்கும்.

நான் மேலிடத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதலாம் என்றேன். தேதிவாரியாக, விநாடிவாரியாக. ஆக்னஸ் என்னைப் பார்த்துவிட்டு, "எழுது" என்றாள். அவள் வேறு ஏதோ யோசித்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியவில்லை.

5

பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை மாலை. சர்வீஸ் சென்டரில் ஆபீஸ் மூடிய பிறகு, ஆக்னஸ் வண்டியை ஓட்டிக்கொண்டு உள்ளே போனாள். நான் பக்கத்தில் இருந்தேன். கடைசியாக வந்த வண்டி என்பதால் வாட்ச்மேன் ஐயா அதை வாசலை ஒட்டி நிறுத்தச் சொன்னார். இறங்கிப் பூட்டினாள்.

"சாவியக் குடுங்கம்மா."

"காலையில வந்து தாரேன்யா."

"அப்படியெல்லாம் வழக்கமில்லம்மா. சாவிய போர்டுல மாட்டணும்."

"மாட்டுவோம். நாளைக்கு."

கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவள் ரோட்டுக்கு வந்து ஆட்டோவைக் கைகாட்டினாள். பின்னாலேயே அவர், "அம்மா, ஏம்மா!" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். எனக்கு ஜெர்மனியில் வரும் அதே வெட்கம் வந்தது. அவர் சொல்கிறபடி செய்துவிடலாமே என்று தோன்றியது.

காலையில் ஒன்பதரைக்குப் போய் இறங்கினோம். வாசலில் எங்கள் கார், அதற்குப் பின்னால் பதினொரு கார், எதுவும் நகர முடியவில்லை. டிரைவர்கள் நாலு பேர் மதில் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"வந்துருச்சுய்யா டீச்சரம்மா! எங்கம்மா போனீக? ஏழு மணியிலருந்து கூட்ட முடியல, சாமிக்கு ஒரு பத்தி கொளுத்த முடியல."

"சாமி ஒருநாள் பொறுத்துக்கிரும்ப்பா. நான் ஒன்றரை வருசம் பொறுத்துட்டேன்."

ஒருவன் சிரித்துவிட்டான். ஒர்க்ஸ் மேனேஜர் கோபமாக வெளியே வந்தார். பின்னால் பிரதீப். ஆக்னஸ் டிரைவர் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். மேனேஜரைப் பார்த்து, "சார், இந்தப் பக்கம் ஏறுங்க. பிரதீப், நீங்க பின்னாடி" என்றாள். வகுப்பில் பிள்ளைகளை இடம் மாற்றி உட்காரவைக்கும் குரல். இருவரும் ஏறினார்கள்.

ஜன்னலோரம் நின்று பார்த்தேன். இஞ்சினை முடுக்கினாள். பிரேக்கை மிதித்தாள். ரிவர்ஸ்.

"ஒன்னு. ரெண்டு. மூனு. நாலு."

'டக்'. வண்டியே ஒரு குலுக்குக் குலுங்கியது. மேனேஜரின் கை தன்னால் டேஷ்போர்டைப் பிடித்தது.

"என் காலு எங்க இருக்குன்னு பாருங்க சார்" என்றாள் ஆக்னஸ்.

அவர் குனிந்து பார்த்தார். வலது கால் பிரேக்கின் மேல் இருந்தது. இடது கால் ஓரமாகக் கிடந்தது.

"இருக்கு மேடம். பிரச்சினை இருக்கு" என்றார்.

6

நடந்தது இதோடு முடிந்திருந்தால் இந்தக் குறிப்பை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

உள்ளே ஏசி அறையில் மேனேஜர் கணினியைத் திறந்தார். நீட்டித்த வாரண்டி இரண்டு மாதத்துக்கு முன்புதான் முடிந்திருந்தது. "அதுக்குள்ள வந்த கம்ப்ளெயின்ட் ஒன்னு ஓப்பனா இருந்தாப் போதும் மேடம், கம்பெனியில பேசி வாங்கிரலாம்" என்று சொல்லிக்கொண்டே கீழே நகர்த்தினார். நகர்த்தியவர் நின்றார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"அஞ்சு விசிட். அஞ்சும் க்ளோஸ்டு. கஸ்டமருக்கு வேற குறை இல்லைன்னு ரெக்கார்டு ஆகியிருக்கு. அஞ்சுலயும் பத்துக்குப் பத்து."

"நான் எப்ப சார் பத்து குடுத்தேன்? எனக்கு ஒரு போனே வந்ததில்லையே" என்றாள் ஆக்னஸ்.

"ஓனர் நம்பருக்குத்தான் கால் போகும் மேடம்."

பிரதீப் தரையைப் பார்த்தான். நானும் தரையைப் பார்த்தேன். ஆக்னஸ் என் பக்கம் திரும்பினாள்.

"நீயாண்ணே?"

"பாவம், பையன் கேட்டான். இன்சென்டிவ் போயிரும்னு..."

"அவன் கேட்டான், குடுத்துட்ட. நானுந்தான கேட்டேன்."

மேனேஜர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

வெளியே வந்ததும் பிரதீப் என்னைத் தனியாகப் பிடித்தான். "மன்னிச்சுக்கங்க சார். ஒம்போது வந்தாக்கூட எங்களுக்கு சைபர்தான் சார். மேடம்ட்ட கேட்டா ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. நீங்க நல்லவர் சார், அதான் உங்ககிட்டயே..."

வெளிநாட்டில் இத்தனை ஆண்டு இருந்ததில் எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ் இது. நல்லவர். கேட்டதும் பத்து கொடுப்பவர். பிரதீப்பின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் என்னைச் சரியாகத்தான் எடைபோட்டிருந்தான்.

கம்பெனிக்கு எழுதிப் பார்த்தார்கள். என் மின்னஞ்சலும் போனது, விநாடிக் கணக்கோடு. பதினைந்தாம் நாள் பதில் வந்தது. வாடிக்கையாளர் ஐந்து முறையும் முழுத் திருப்தி தெரிவித்திருப்பதால் பழைய குறையாகக் கருத இயலாது என்று எழுதியிருந்தார்கள். செலவை நான் ஏற்றுக்கொண்டேன். கியர் பெட்டியின் வால்வுப் பகுதியை மாற்றினார்கள். இருபதாம் நாள் வண்டி வந்தது. மறுநாள் காலை ஆறரைக்கு ஆக்னஸ் ரிவர்ஸில் போட்டாள். உடனே பிடித்தது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள்.

"சரியாயிருச்சுல்ல?" என்றேன்.

"ஆச்சு. வண்டிய என் பேருக்கு மாத்திக் குடுண்ணே."

"இப்ப எதுக்கு அவசரம்? மூனு நாள்தான் இருக்கு. அடுத்த தடவை வரும்போது..."

"நான் ஓட்டுற வண்டிக்கு நான் சொன்னாச் செல்லாதுன்னா அது என் வண்டி இல்ல. ஒன்னு மாத்திக் குடு, இல்ல வித்துரு. நான் பஸ்ஸுல போய்க்கிருவேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நான் ஏதாவது பேசி மழுப்பியிருப்பேன்.

7

வண்டியின் ஆர்சி புத்தகத்தை மறுநாள் எடுத்துப் பார்த்தேன். ஜெர்மன் குடியுரிமை வாங்கி மூன்று ஆண்டாகிறது. அதற்குப் பிறகு ஊரில் ஒவ்வொரு காகிதத்திலிருந்தும் என் பேர் கழன்றுவிட்டது. வாக்காளர் பட்டியலில் இல்லை, ரேஷன் கார்டில் இல்லை. வீடு அப்பா காலத்திலேயே ஆக்னஸ் பேருக்குப் போய்விட்டது, அதுதான் நியாயம். கே.கே. நகர் விலாசத்தோடு என் பேர் மிச்சமிருந்த ஒரே தாள் இந்த ஆர்சி புத்தகம். வண்டியை மாற்றிக் கொடுக்க நான் தயங்கியது அதற்குத்தான். நேரமின்மை, அலைச்சல், அடுத்த தடவை என்று நான் சொன்ன எதுவும் காரணம் இல்லை. தங்கை நிம்மதியாகப் பள்ளிக்குப் போவதை விட, ஊரில் எனக்கு ஒரு விலாசம் இருப்பது எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

இருபத்துமூன்றாம் நாள் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த அட்ரஸ்லதான் இப்ப இருக்கீங்களா?"

"இல்லம்மா. வெளிநாட்டுல."

"அப்ப மூனு எடத்துல கையெழுத்துப் போட்டுட்டு நகந்துக்கங்க. இனிமே மேடத்துட்ட பேசிக்கிறோம். மேடம், உங்க போன் நம்பர் சொல்லுங்க."

ஆக்னஸ் நம்பரை நிதானமாக, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். நான் நகர்ந்துகொண்டேன்.

மறுநாள் அவளே என்னை விமான நிலையத்தில் கொண்டுவந்து விட்டாள். வழியில் நவோமியின் படிப்பைப் பற்றிக் கேட்டாள், என் முதுகுவலியைப் பற்றிக் கேட்டாள். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "டிராபிக்க பாரு, எம்புட்டு வண்டி" என்றாள்.

வந்து ஆறு வாரம் ஆகிறது. சர்வீஸ் சென்டரிலிருந்து எனக்கு இப்போது செய்தி எதுவும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போல் பேசுகிறோம். முன்பெல்லாம் அவள் வண்டியைப் பற்றிப் பத்து நிமிடமாவது பேசுவாள். எப்போது நின்றது, எப்படிப் பாய்ந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று. நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அந்த வாரத்துச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பேன். இப்போது கையில் ஒரு வேலையும் வைத்துக்கொள்ளாமல், போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்காருகிறேன்.

"வண்டி எப்படியிருக்கு ஆக்னஸ்?"

"ஓடுதுண்ணே" என்கிறாள்.

அதற்கு மேல் சொல்வதில்லை.